பாடசாலையிலிருந்து வந்த சம்மதப் படிவம்: மகளை ஆய்வில் சேர்க்கலாமா?

வாசகரின் கேள்வி

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதத்தை, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி இங்கே சுருக்கித் தருகிறேன். அவரது கணவர் வெளிநாட்டில் தொழில் புரிகிறார். தாயும், தரம் 9இல் கற்கும் 14 வயது மகளும், இளைய மகனும் அம்மம்மாவுடன் வசிக்கிறார்கள். கட்டிளம் பருவத்தினரின் உடல்நலம், மனநலம் பற்றிய ஓர் ஆய்வு மகளின் பாடசாலையில் நடைபெறவிருப்பதாக நான்கு பக்கத் தகவல் தாளொன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. உணவு, உறக்கம், கைத்தொலைபேசிப் பாவனை, மனநிலை ஆகியவற்றைப் பற்றிய வினாக்கொத்தொன்றை மாணவர்கள் நிரப்ப வேண்டும். வீட்டில் யாரேனும் அடிப்பதுண்டா, தன்னைத் தானே காயப்படுத்த நினைத்ததுண்டா என்ற கேள்விகளும் அதில் உள்ளன. இந்தப் பகுதிக்கு விருப்பமில்லாத பெற்றோர் மட்டும் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படுவார்கள். இரண்டாவது பகுதி 5 மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பதற்கானது. அதற்குப் பெற்றோரின் கையொப்பம் கட்டாயம். மறுநாளே தரும்படி கேட்டிருக்கிறார்கள்; இவர் வகுப்பாசிரியரிடம் சிறிது தவணை வாங்கிவிட்டு எனக்கு எழுதியிருக்கிறார்.

அதிபர் அனுமதி கொடுத்துவிட்ட பின் நாம் மறுக்க முடியுமா, மறுத்தால் மகளை வகுப்பில் ஒரு மாதிரிப் பார்ப்பார்களா, இப்படியான கேள்விகளைக் கேட்பதே பிள்ளையின் மனத்தில் இல்லாத எண்ணத்தைப் புகுத்திவிடாதா, நாளைக்குத் திருமணப் பேச்சின்போது இந்த விவரங்கள் வெளியில் வருமா என்பன அவருடைய அச்சங்கள். "வயசுக்கு வந்த பிள்ளையிட்டை ஏன் இரத்தம் எடுக்கினம்?" என்று அம்மம்மா கேட்கிறாராம். மறுபுறம், செலவில்லாமல் மகளுக்கு ஒரு முழு மருத்துவப் பரிசோதனை நடந்துவிடும் என்ற நம்பிக்கையும் தாய்க்கு இருக்கிறது. கடைசிப் பந்தியில், மகள் சில மாதங்களாக நள்ளிரவு கடந்தும் உறங்குவதில்லை, முன்போல் கதைப்பதில்லை என்று எழுதிவிட்டு, "அவள் அந்த வினாக்கொத்தில் என்ன எழுதுகிறாள் என்பதை ஆய்வாளர்களிடம் கேட்டு அறிய எனக்கு உரிமை உண்டா?" என்று முடிக்கிறார்.

மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்று எண்ணுகிறேன். அதற்கு நிதானமாக வருவேன். அதற்கு முன், படிவத்தைப் பற்றிய என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்த வகையான ஆய்வில் உங்கள் மகள் வினாக்கொத்தை நிரப்புவதால் பெரிய தீங்கு நேரும் என்று நான் கருதவில்லை. இரத்தம் கொடுப்பதற்குச் சம்மதிப்பதற்கு முன் சில விவரங்களைக் கேட்டுப் பெற வேண்டும். இரண்டுக்கும் சம்மதிப்பதும், ஒன்றுக்கு மட்டும் சம்மதிப்பதும், இரண்டையும் மறுப்பதும் ஒரே அளவுக்கு நியாயமான முடிவுகள். ஆனால் எந்த முடிவை எடுத்தாலும், அந்த ஆய்வு உங்கள் மகளுக்கான வைத்தியமாக அமையாது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு எடுங்கள்.

ஆய்வும் வைத்தியமும்

உங்கள் மகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலையில் பரிசோதிக்கும்போது, அவர்கள் தேடுவது உங்கள் மகளின் நலனை. வழமையாகத் தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் இந்தப் பரிசோதனை நடைபெறுகிறது. கண்பார்வையில், பற்களில், நிறையில் ஏதேனும் குறை தெரிந்தால் உரிய கிளினிக்குக்கு அனுப்புவது அவர்களுடைய கடமை. ஆய்வாளர்கள் வருவது ஒரு கேள்விக்கு விடை தேடி. இந்த வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இரத்தச்சோகை இருக்கிறது, உறக்கக் குறைவும் மனச்சோர்வும் சேர்ந்து வருகின்றனவா என்பது போன்ற கேள்விகளுக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துத்தான் விடை காண முடியும். அந்தக் கணக்கில் உங்கள் மகள் ஓர் இலக்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆய்வு நேர்மையாக நடப்பதற்கு அது அவசியம். ஆனால் "முழுப் பரிசோதனை நடந்துவிடும்" என்ற உங்கள் நம்பிக்கைக்கு இதில் இடமில்லை. ஆய்வுக்குத் தேவையான ஓரிரு பரிசோதனைகள் மட்டுமே செய்யப்படும். அவற்றின் பெறுபேறு உங்களுக்குத் தரப்படுமா என்பதுகூடத் தகவல் தாளில் எழுதியிருந்தால்தான் நிச்சயம். உங்களுக்கு மகளின் உடல்நிலை பற்றிக் கவலை இருந்தால், அடுத்த வருடம் தரம் 10இல் வரும் பரிசோதனைக்கோ இந்த ஆய்வுக்கோ காத்திராமல், இப்போதே ஒரு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அப்படியென்றால் எதற்காகப் பிள்ளைகளை ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் சமையலறையில் இருக்கும் அயடீன் சேர்த்த உப்பே அதற்கு ஒரு விடை. 1980களில் இலங்கையின் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்து நடத்திய ஆய்வில் 18 வீதத்துக்கும் அதிகமானோருக்கு, அயடீன் குறைவால் கழுத்து வீங்கும் கண்டமாலை காணப்பட்டது. 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமானதற்குப் பின்னணியில் இத்தகைய ஆய்வுகள் இருந்தன. இன்னும் அருகில் வந்தால், வடமராட்சி கிழக்கின் மணற்காட்டை எடுத்துக்கொள்ளலாம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு மூன்று, நான்கு வாரங்களில் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய இடங்களில் 264 பிள்ளைகளிடம் நேர்காணல் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுநோய் இடத்துக்கு இடம் 14 முதல் 39 வீதம் வரையான பிள்ளைகளில் இருந்ததை அது காட்டியது. 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு வடகிழக்கின் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டது. போரும் ஆழிப்பேரலையும் மட்டுமன்றி, வீட்டுக்குள் நடக்கும் அடி உதையும் தந்தையின் குடியும் பிள்ளைகளின் மனநலத்தோடு தொடர்புபட்டிருப்பதை அது எடுத்துக்காட்டியது. எல்லாவற்றையும் போரின் தலையில் போட்டுவிட்டுப் பேசாதிருக்க முடியாது என்பதை, பிள்ளைகள் வாய்திறந்து சொன்னதால்தான் நாங்கள் அறிந்தோம். வீட்டில் அடிப்பதுண்டா என்ற கேள்வி உங்களைச் சங்கடப்படுத்தியிருக்கலாம். அது அங்கே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முடிவு யாருடையது?

அதிபரோ கல்வித் திணைக்களமோ கொடுக்கும் அனுமதி, ஆய்வாளர்கள் பாடசாலைக்குள் வருவதற்கான அனுமதி மட்டுமே. உங்கள் பிள்ளையின் சார்பில் சம்மதம் கொடுக்க அதிபருக்கு அதிகாரமில்லை. மனிதரைக் கொண்டு நடத்தும் மருத்துவ ஆய்வு எதற்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவொன்றின் ஒப்புதல் முன்கூட்டியே பெறப்பட வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அத்தகைய குழு இருக்கிறது. வேறு பல்கலைக்கழகங்களிலும் உண்டு. உங்களிடமுள்ள தாளில் எந்தக் குழு, எந்த இலக்கத்தில் ஒப்புதல் அளித்தது, முறைப்பாடு இருந்தால் யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரங்கள் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், அது ஒன்றே கையொப்பமிடாமல் இருப்பதற்குப் போதுமான காரணம்.

இலங்கையில் 18 வயது நிறையாதவர் தனித்து இந்தச் சம்மதத்தைக் கொடுக்க முடியாதென்பதால் பெற்றோரின் அனுமதி கேட்கப்படுகிறது. ஆனால் அதனுடன் மகளின் இணக்கமும் வேண்டும். 1964இல் உலக மருத்துவ சங்கம் ஏற்றுக்கொண்டு பின்னர் பலமுறை திருத்திய ஹெல்சிங்கிப் பிரகடனம், தன் விருப்பத்தைச் சொல்லக்கூடிய பிள்ளையிடம் அதைக் கேட்க வேண்டும் என்றும், பிள்ளை மறுத்தால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையும், தன்னைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளையின் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. ஆகவே நீங்கள் "ஓம்" என்று ஒப்பமிட்ட பிறகும் மகள் "எனக்கு வேண்டாம்" என்றால் ஆய்வாளர்கள் அவரை விட்டுவிட வேண்டும். நீங்கள் "இல்லை" என்றால் மகள் விரும்பினாலும் சேர்க்க முடியாது. உங்கள் கடிதத்தில் அம்மம்மாவின் கருத்து இருக்கிறது, கணவர் தொலைபேசியில் சொன்னது இருக்கிறது. மகள் என்ன நினைக்கிறார் என்பதைக் காணவில்லை.

திருப்பி அனுப்பாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் எழுதாத, ஆபத்துக் குறைந்த வினாக்கொத்துகளுக்குச் சில ஒழுக்கநெறிக் குழுக்கள் இதை ஏற்கின்றன. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் காத்திருந்தால், வீட்டில் அக்கறையாகப் படிவம் பார்க்கும் பெற்றோருடைய பிள்ளைகள் மட்டுமே ஆய்வில் மிஞ்சுவார்கள் என்பது அவர்களுடைய வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் நான்கு பக்கத் தாளை மாலையில் கொடுத்துக் காலையில் கேட்கும் இடத்தில் இந்த முறையைக் கையாள்வது எனக்கு உடன்பாடில்லை. புத்தகப்பையின் அடியிலேயே கிடந்துவிட்ட தாளைச் சம்மதமாகக் கணக்கிடலாகாது. நீங்கள் தவணை கேட்டது சரியான செயல். மற்றப் பெற்றோரும் கேட்கலாம்.

மறுத்தால் மகளை ஒரு மாதிரிப் பார்ப்பார்களா என்ற அச்சத்தை வீண் அச்சம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவின் நியூயோர்க்கில் வில்லோபுரூக் என்ற விடுதிப் பாடசாலையில், 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை, அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு ஈரலழற்சிக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து ஆய்வு செய்தார்கள். பெற்றோர் ஒப்பமிட்டுத்தான் இருந்தார்கள். ஆனால் வேறு பகுதிகளில் இடமில்லாதிருந்த காலத்தில் ஆய்வுப் பகுதியில் மட்டும் இடம் கிடைத்ததால், அந்த ஒப்பத்தில் சுயவிருப்பம் எவ்வளவு இருந்தது என்ற கேள்வி இன்றுவரை மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. உங்கள் மகளின் பாடசாலையில் நடப்பதை அதனுடன் ஒப்பிட முடியாது. இருப்பினும், பாடசாலை போன்ற இடத்தில் மறுப்பதன் சங்கடம் எவ்வளவு பெரிது என்பதை ஆய்வாளர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். யார் மறுத்தார்கள் என்பது வகுப்புக்கே தெரியும்படி பெயர் வாசிக்கவோ, புள்ளியிலோ சலுகையிலோ வேறுபாடு காட்டவோ கூடாது. அப்படி நடந்தால் தகவல் தாளில் உள்ள ஒழுக்கநெறிக் குழுவுக்கு நீங்கள் எழுதலாம்.

கேட்டால் எண்ணம் வருமா?

பெற்றோர் மட்டுமன்றி ஆசிரியர்கள் பலரும் இப்படி நம்புகிறார்கள். இது சோதித்துப் பார்க்கப்பட்ட விடயம். 2005இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வில், நியூயோர்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பாடசாலைகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களை எழுமாற்றாக இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள் கொடுக்கப்பட்டன, மற்றக் குழுவுக்குக் கொடுக்கப்படவில்லை. இரண்டு நாட்களின் பின் பார்த்தபோது, கேள்வி கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணமோ மனத்துயரமோ மற்றவர்களைவிட அதிகரித்திருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்களும் முன்பு உயிர்மாய்ப்புக்கு முயன்றவர்களும், அந்தக் கேள்விகள் கேட்கப்பட்ட குழுவில் சற்று ஆறுதலடைந்தவர்களாகவே காணப்பட்டார்கள். இலங்கைப் பிள்ளைகளுக்கும் இத்தகைய கேள்விகள் புதியன அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் பாடசாலை மாணவர் சுகாதார ஆய்வு இங்கே 2008இலும் 2016இலும் நடத்தப்பட்டிருக்கிறது.

இதனால் கேள்விகள் யாரையுமே வருத்தாது என்று பொருளில்லை. அண்மையில் நெருங்கியவரை இழந்த பிள்ளை, வீட்டில் அடிபடும் பிள்ளை, அந்தப் பக்கத்தில் கலங்கலாம். எனவே நீங்கள் அறிய வேண்டியது, பிள்ளை கலங்கினால் அந்த இடத்தில் யார் இருப்பார் என்பது. உளவளத்துணை ஆசிரியரோ பயிற்சி பெற்ற ஒருவரோ அருகில் இருப்பாரா, விரும்பாத கேள்வியை விட்டுவிடலாம் என்று பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லப்படுமா, பின்னர் யாரிடம் போகலாம் என்ற விவரம் கையில் கொடுக்கப்படுமா என்று கேளுங்கள்.

பெயர் வெளியில் வருமா?

பெயரே இல்லாமல் நிரப்பும் வினாக்கொத்துக்கும், பெயருக்குப் பதிலாக இலக்கம் இடும் வினாக்கொத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவதில் எந்த விடையை எந்தப் பிள்ளை எழுதியது என்று ஆய்வாளருக்கே தெரியாது. இரண்டாவதில், இலக்கத்துக்குரிய பெயர்ப்பட்டியல் ஓரிடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். முதலாவது பாதுகாப்பானது என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு பிள்ளை "வாழவே பிடிக்கவில்லை" என்று எழுதினால், பெயரில்லாத தாளை வைத்துக்கொண்டு யாரும் அந்தப் பிள்ளையைத் தேடிச் செல்ல முடியாது. இலக்கம் இட்ட தாளில் அது முடியும்; அதே அளவுக்கு இரகசியத்துக்கு ஓர் எல்லையும் வந்துவிடும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருப்பதாகத் தெரியவந்தால் மட்டும் உரியவருக்கு அறிவிப்போம் என்று தாளில் எழுதியிருந்தால், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதை முன்கூட்டியே எழுதி வைப்பவர்கள் பொறுப்புடன் யோசித்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளையும் பிள்ளைகள் பற்றிய தரவுகளையும் கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகையாகக் கொள்கிறது. ஆய்வறிக்கையில் "பெண் பிள்ளைகளில் இத்தனை வீதம்" என்றுதான் வரும். பெயரோ முகவரியோ வராது. திருமணப் பேச்சுக்கு வரும் எவரும் அதிலிருந்து உங்கள் மகளைக் கண்டுபிடிக்க முடியாது.

இரகசியம் உண்மையில் கசிவது பெரும்பாலும் வகுப்பறையில்தான். மூன்று பேர் நெருங்கி அமர்ந்திருக்கும் வாங்கில் ஒருவர் எழுதுவதை அடுத்தவர் பார்த்துவிடுவார். நிரப்பிய தாள்களை வகுப்பாசிரியரே சேகரித்தால், கையெழுத்தை வைத்தே யாருடையது என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளை இடைவெளி விட்டு அமர்த்துவார்களா, தாளை உறையிலிட்டு ஒட்டி ஆய்வாளரிடமே கொடுக்கச் செய்வார்களா, அந்த நேரத்தில் ஆசிரியர்கள் வெளியே நிற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய ஏற்பாடுகளைச் செய்யாத ஆய்வுக்கு வரும் விடைகளும் உண்மையாக இரா.

இரத்தம் எடுப்பது பற்றி

அம்மம்மாவுக்கு நீங்கள் சொல்லக்கூடியது இது: 40 கிலோ நிறையுள்ள பிள்ளையின் உடலில் ஏறத்தாழ 3 லீற்றர் இரத்தம் இருக்கிறது, 5 மில்லிலீற்றர் என்பது ஒரு தேக்கரண்டி, மொத்தத்தில் அறுநூறில் ஒரு பங்கு. ஊசி குத்தும் வலி, சிலவேளை ஒரு சிறு கண்டல், சில பிள்ளைகளுக்குத் தலைச்சுற்று, அவ்வளவுதான். காலையில் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தால் இரத்தம் எடுத்ததும் உண்ணக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். மயக்கம் வரும் வழக்கமுள்ள பிள்ளையாக இருந்தால் முன்னரே சொல்லிவிட்டால், படுக்க வைத்து எடுப்பார்கள். மாதவிடாய் நாட்களில் எடுத்தாலும் தீங்கில்லை.

இரத்தம் எடுப்பதைவிட, எடுத்த பிறகு நடப்பதையே நீங்கள் கவனிக்க வேண்டும். கையொப்பமிடுவதற்கு முன் இவற்றுக்கு எழுத்தில் விடை பெறுங்கள்:

என்னென்ன பரிசோதிக்கப்படும்? ஈமோகுளோபினும் இரும்புச்சத்தும் மட்டுமானால் யோசிக்க அதிகமில்லை. மரபணுப் பரிசோதனையோ ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் பரிசோதனையோ இருந்தால், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவியா (தனக்கு நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் கொண்டிருப்பவரா) என்பது போன்ற, குடும்பம் முழுவதையும் தொடும் தகவல் வெளிப்படலாம். காவியாக இருப்பது நோயன்று. அது தெரிந்திருப்பது பிற்காலத்தில் நன்மையே. ஆயினும் உங்கள் திருமணக் கவலைக்குச் சற்றேனும் தொடர்புள்ள இடம் இதுதான் என்பதால், அத்தகைய பெறுபேறு யாரிடம், எப்படிச் சொல்லப்படும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மீதி இரத்தம் என்ன ஆகும்? அழிக்கப்படுமா, பிற்கால ஆய்வுகளுக்குச் சேமிக்கப்படுமா, வெளிநாட்டுக்கு அனுப்பப்படுமா? சேமிப்பதற்குத் தனிச் சம்மதம் கேட்பதே முறை. இன்றைய பரிசோதனைக்கு "ஓம்" என்றும் சேமிப்பதற்கு "இல்லை" என்றும் நீங்கள் பதிலளிக்கலாம்.

குறை தெரிந்தால் எப்போது அறிவிப்பார்கள்? 12 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்று கொள்வோம். அந்தப் பெறுபேறு ஓராண்டு கழித்து அறிக்கையில் வந்து பயனில்லை. சில வாரங்களுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். வந்ததும் நீங்களே மருந்துக் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஈமோகுளோபின் குறைவதற்கு இரும்புச்சத்துக் குறைவு மட்டுமே காரணமாவதில்லை.

சம்மதம் கொடுத்த பிறகு மனம் மாறினால், காரணம் சொல்லாமலே விலகலாம். ஆனால் பெயரற்ற தாளைப் பெட்டியில் போட்ட பிறகு அதைத் தேடி எடுக்க முடியாது என்பதை மகளிடம் சொல்லி வையுங்கள்.

மகள் எழுதியதை நீங்கள் கேட்கலாமா?

கேட்கலாம், அவர்கள் தர மாட்டார்கள், தரவும் கூடாது. இரகசியமாக வைத்திருப்போம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் அந்த விடைகள் பெறப்படுகின்றன. ஒரு தாய்க்குக் காட்டினார்கள் என்று தெரிந்தால், மறுநாள் அந்தப் பாடசாலையில் ஒரு பிள்ளையும் உண்மையை எழுதாது. சம்மதம் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருப்பதால் விடைகளைப் பார்க்கும் உரிமையும் இருக்கிறது என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். அவை ஒன்றிலிருந்து மற்றொன்று வருபவை அல்ல. வினாக்கொத்துத் தினத்தன்று மாலையில் "நீ என்ன எழுதினாய்?" என்று மகளை விசாரிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். "அந்தக் கேள்விகள் உனக்கு எப்படி இருந்தன, ஏதாவது கஷ்டமாக இருந்ததா?" என்று கேட்பதில் தவறில்லை. விரும்பினால் அவரே சொல்லுவார்.

நீங்கள் வினாக்கொத்தில் தேட நினைத்தது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 13 முதல் 18 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால உறக்கம் தேவை. நள்ளிரவு கடந்து உறங்கி, விடியற்காலை ரியூசனுக்கு எழும்பும் பிள்ளைக்கு அதில் பாதிதான் கிடைக்கும். உறக்கக் குறைவு எரிச்சலைத் தரும், பேச்சைக் குறைக்கும். மனச்சோர்வும் உறக்கத்தைக் கெடுக்கும். எது முதலில் வந்தது என்பதை வெளியிலிருந்து பார்த்து என்னால் சொல்ல முடியாது. கைத்தொலைபேசியைப் பறித்து, அதில் உள்ளவற்றைத் தோண்டிப் பார்க்கும் யோசனையை உங்கள் கடிதத்தின் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்தால் அடுத்த தடவை மகள் எதையும் உங்கள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்வார். இரவு குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் உங்களுடையது உட்பட வீட்டிலுள்ள எல்லாக் கைத்தொலைபேசிகளும் முன்னறையில் இருக்கட்டும் என்ற விதியை மகளுடன் பேசி ஏற்படுத்துங்கள். கணவர் அழைக்கும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் சோர்வு, விருப்பமாகச் செய்தவற்றிலும் நாட்டமின்மை, சாப்பாட்டில் மாற்றம், படிப்பில் திடீர்ச் சரிவு, தன்னைத் தாழ்த்திப் பேசுதல் ஆகியவற்றில் சில சேர்ந்து தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. நேரடியாக அங்கே போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடமிருந்தோ குடும்ப வைத்தியரிடமிருந்தோ தொடங்கலாம். இறப்பைப் பற்றிப் பேசினால், அல்லது உடலில் தானே ஏற்படுத்திய காயங்களைக் கண்டால், அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். அவரைத் தனியே விட வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை நீங்களும் அழைக்கலாம், மகளும் அழைக்கலாம். வீட்டிலோ வெளியிலோ யாரேனும் பிள்ளையைத் துன்புறுத்துவதாகத் தெரியவந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது.

இனிப் படிவம். தகவல் தாளை மகளுடன் இருந்து நான்கு பக்கமும் வாசியுங்கள். வாசிக்கும்போது இடையில் அறிவுரை சொல்ல வேண்டாம். விளங்காத இடங்களைக் கோடிட்டு, அதிலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். மகளுக்கு எழுத விருப்பம், இரத்தம் கொடுக்க விருப்பமில்லை என்றால், முதற்பகுதியில் "மகளும் நானும் சம்மதிக்கிறோம்" என்று நீங்களே எழுதித் திகதியிட்டு அனுப்புங்கள், இரண்டாம் பகுதியில் மறுப்பைக் குறியுங்கள். இரத்தமும் கொடுப்பதானால் அன்றைக்குக் காலையில் பாடசாலைக்கு வர உங்களுக்கு அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எதை அனுப்பினாலும், அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெறுபேறு வர வேண்டிய திகதி கடந்தால், யாரைக் கேட்பது என்பது அந்த நான்காம் பக்கத்தில்தான் இருக்கும்.